வளர்ந்த மாதிரியே தெரியவில்லை, ரிஃப்ளெக்‌ஷன் கட்டுரையில் என்னதான் எழுதுவது?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் ஆண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்தவர். கட்டாய ரைட்டிங் கோர்ஸ் முடியப் போகிறது. செமஸ்டர் முழுக்க எழுதியவற்றைப் போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து, அதற்கு முன்னால் ‘எழுதுகிறவராக நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள்’ என்று ஐந்து பக்கம் எழுதி வைக்க வேண்டும். ‘கிரேடெல்லாம் பி-யைச் சுற்றியே நிற்கிறது, வளர்ந்த மாதிரியே தெரியவில்லை, பொய் சொல்லாமல் எப்படி எழுதுவது? மோசமான கிரேடு வாங்கிய கட்டுரையைச் சேர்க்கலாமா?’ என்கிறார்.

மிட்வெஸ்ட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இந்தக் கோர்ஸைச் சில வருடம் நடத்தினேன். பிறகு அங்கேயே, மாணவர்கள் தங்கள் கட்டுரையைக் கொண்டுவந்து ஆலோசனை கேட்கும் ரைட்டிங் சென்டரிலும் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதப்போகும் கட்டுரையைப் படிக்கும் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உங்கள் ஆசிரியரின் மேசையில் இருபதுக்கு மேல் ரிஃப்ளெக்‌ஷன் கட்டுரைகள் இருக்கும். பெரும்பாலானவற்றில் ஒரே கதைதான். ‘இந்தக் கோர்ஸுக்கு வரும் முன் எழுதுவதென்றாலே எனக்குப் பயம். இப்போது தன்னம்பிக்கை வந்துவிட்டது. தீசிஸ் (கட்டுரையின் மைய வாதம்) எப்படி எழுதுவது, ஆதாரம் எப்படித் தருவது என்று கற்றுக்கொண்டேன். சக மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் பியர் ரிவ்யூ மிகவும் உதவியது. இனி வாழ்நாள் முழுவதும் பயன்படும்.’ இதை எழுதியவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோர்ஸில் சேராத ஒருவர்கூட சிலபஸை மட்டும் படித்துவிட்டு இதை எழுதிவிடலாம். ஆசிரியருக்கு ஐஸ் வைக்கும் இந்த வகையை அமெரிக்க எழுத்துப் பாட ஆய்வாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். இர்வின் வைசர் என்பவர் 1990களிலேயே இதற்கு ஒரு கேலிப்பெயர் வைத்து எழுதிவிட்டார். ஆகவே ‘வளர்ந்த மாதிரி தெரியவில்லை’ என்று தயங்கும் நீங்கள் மற்றவர்களைவிட நல்ல இடத்திலிருந்துதான் தொடங்குகிறீர்கள்.

இதை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி எழுதுவது என்பதில் பாதி புரிந்துவிடும். அமெரிக்காவில் இந்தக் கோர்ஸுக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. 1874-ல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஒரு ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள், நல்ல பள்ளிகளில் படித்தவர்கள், கொத்துக்கொத்தாகச் சறுக்கினார்கள். அதன் விளைவாக 1885-ல் ‘இங்கிலீஷ் ஏ’ முதலாண்டுப் பாடமாக வந்தது. மற்ற கல்லூரிகளும் பார்த்துப் போட்டன. அடுத்த எழுபது எண்பது வருடம் அந்தப் பாடம் பெரும்பாலும் எழுதி முடித்த கட்டுரையில் சிவப்பு மையால் பிழை வட்டமிடுவதாகவே நடந்தது.

1970களில் நிலைமை மாறியது. ஜேனட் எமிக் எட்டுப் பள்ளி மாணவர்களை எழுதும்போதே வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கவனித்து, 1971-ல் அதை வெளியிட்டார். மறு வருடமே டொனால்ட் மரே என்ற பத்திரிகையாளர், எழுதி முடித்த பொருளைப் பார்க்காதீர்கள், எழுதும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று வாதிட்டார். எழுதும் விதம்தான் பாடம் என்றால், மூன்று மணி நேரத் தேர்வில் அதை எப்படி அளப்பது? 1980களில் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் எழுத்துத் தகுதித் தேர்வை எடுத்துவிட்டுப் போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவந்தார்கள். போர்ட்ஃபோலியோவைக் கொடுத்தால் ‘இதில் ஏன் இவற்றை வைத்தேன்’ என்று முன்னால் ஒரு கடிதம் வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஐந்து பக்கம் அந்தக் கடிதத்தின் வாரிசு.

அதாவது, உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவர்கள் கேட்கவில்லை. உங்கள் எழுத்தை நீங்களே பார்த்து ‘இங்கே இதைச் செய்தேன், இதனால் செய்தேன்’ என்று சொல்லத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். சிலபஸின் முதல் பக்கத்தில் கற்றல் விளைவுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எழுத்துப் பாட நிர்வாகிகள் சங்கம் 2000-ல் வெளியிட்டு, 2014-ல் மீண்டும் திருத்திய அறிக்கையை ஒட்டியே பல கல்லூரிகள் அந்தப் பட்டியலைத் தயாரிக்கின்றன. அதில் நான்கு பெரிய தலைப்புகள் உண்டு. இலக்கணமும் நிறுத்தக்குறியும் நான்காவதின் ஒரு பகுதி மட்டும்தான். நம் பிள்ளைகள் ரிஃப்ளெக்‌ஷன் என்றதும் ‘என் கிராமர் முன்னேறிவிட்டது’ என்று ஆரம்பிப்பது வழக்கம். ஆசிரியர் அதில் பெரிதாக எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

அப்படியானால் எதைத் தேடுகிறார்? நான்சி சாமர்ஸ் என்பவர் 1980-ல் ஒரு சின்ன ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் இருபது பேர், எழுதியே பழக்கப்பட்ட பெரியவர்கள் இருபது பேர். இரண்டு தரப்பும் எழுதியதை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தார். மாணவர்கள் வார்த்தையை மாற்றினார்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் வேறு சொல் போட்டார்கள். சாதாரணச் சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல் தேடினார்கள். திருத்தம் என்றால் அவர்களுக்குச் சலவை மாதிரி: துணி அதே துணி, கறை போனால் போதும். பழகியவர்களோ ‘நான் சொல்லவருவது என்ன, அதற்கு இந்த உருவம் சரியா, படிக்கிறவன் எங்கே மறுப்பான்’ என்று யோசித்து, பத்தி பத்தியாகத் தூக்கிப் போட்டார்கள், இடம் மாற்றினார்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் ஐந்து பக்கத்துக்கு வழி கிடைத்துவிடும். செமஸ்டர் ஆரம்பத்தில் எதைத் திருத்தினீர்கள், கடைசியில் எதைத் திருத்தினீர்கள்? வளர்ச்சியை அங்கே பாருங்கள். கிரேடில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஒரு உதாரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி உணவகங்களில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதினாள். முதல் டிராஃப்ட்டின் தொடக்கம் கிட்டத்தட்ட இப்படி: ‘ஆதிகாலம் தொட்டே மனிதர்கள் ஒருவருக்கொருவர் உணவு பரிமாறி வந்திருக்கிறார்கள்.’ அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் பாதி இப்படித்தான் பிரபஞ்சத் தோற்றத்திலிருந்து கிளம்பும். அப்புறம் மூன்று காரணங்கள், மூன்று பத்திகள், முடிவு: டிப்ஸை ஒழிக்க வேண்டும். இரண்டாவது டிராஃப்ட்டில் ஒரு எண் வந்தது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது நகரவே இல்லை. மற்றவர்களுக்கு 7.25. எண் கிடைத்ததும் கட்டுரைக்குக் கோபம் வந்துவிட்டது, நல்ல கோபம்தான். ஆனால் அவளே வார இறுதியில் ஒரு உணவகத்தில் பரிமாறுபவள். கூட வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் ‘டிப்ஸை எடுத்தால் எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி வருமானமே போச்சு’ என்று சண்டைக்கு வந்திருக்கிறார்.

மூன்றாவது டிராஃப்ட்டில் அந்த அம்மா உள்ளே வந்தார். வந்ததும் தீசிஸ் உடைந்தது. டிப்ஸை ஒழிக்க வேண்டும் என்பது போய், வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்ட் யாருக்குக் கிடைக்கிறது, செவ்வாய்க்கிழமை மதியம் யாருக்கு விழுகிறது, அதை யார் முடிவு செய்கிறார் என்ற கேள்வி வந்தது. டிப்ஸ் கிடைக்கும் ஷிஃப்ட்டை நினைத்து ஊழியர்கள் மேனேஜருக்கு எதிராக வாய் திறப்பதில்லை என்பது அவள் வாதம். கட்டுரை முன்பைவிடக் கரடுமுரடாக இருந்தது. கடைசிப் பத்தி பாதியில் நின்ற மாதிரி இருந்தது. கிரேடு என்று பார்த்தால் இரண்டாவது டிராஃப்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. எழுதுகிற ஆளாக அவள் நகர்ந்த தூரமோ அதிகம்.

அவளுடைய ரிஃப்ளெக்‌ஷனின் முதல் வடிவத்தில் இதெல்லாம் ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருந்தது: ‘எதிர்த்தரப்பு வாதங்களைக் கருத்தில் கொள்ளக் கற்றுக்கொண்டேன்.’ எல்லோரும் எழுதும் அதே வாக்கியம்! எதிர்த்தரப்பு என்று ஒன்றும் இல்லை, ஒரு அம்மா இருந்தார், அவர் சொன்னதைக் கேட்டு நீ இரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டாய், அதை எழுது என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். திருத்தி வந்தபோது அந்த இடம் இப்படி இருந்தது: ‘இரண்டாம் டிராஃப்ட்டின் மூன்றாம் பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் எண்கள் இருந்தன, நான் சொல்வது சரி என்று அவை காட்டின. அதை நீக்கியதற்குக் காரணம், அந்தப் பக்கத்தைப் படித்தால் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் தன்னைப் பற்றி எழுதியதாகவே நினைக்க மாட்டார்.’ அந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் எந்த ஆசிரியரும் ஆதாரம் கேட்க மாட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வளரவில்லை என்று ஏன் தோன்றுகிறது? சாமர்ஸும் லாரா சால்ட்ஸும் ஹார்வர்டில் 2001-ல் பட்டம் பெறவிருந்த வகுப்பிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்து, முதல் ஆண்டைப் பற்றி 2004-ல் எழுதினார்கள். தான் இந்த இடத்துக்குப் புதியவன் என்று ஒத்துக்கொண்டவர்கள் முன்னேறினார்கள். பள்ளியில் கைகொடுத்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் என்னமோ ரகசியமான ஒன்றை எதிர்பார்க்கிறார் என்று நினைத்தவர்கள்தான் திணறினார்கள். அதோடு, எழுத்தில் வளர்ச்சி நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. கடினமான ஒன்றைச் சொல்ல முயலும்போது நன்றாக எழுதிக்கொண்டிருந்தவரின் வாக்கியமும் குலையும். மூன்று ஆதாரங்களை ஒன்றோடொன்று மோதவிடும் பத்தியில் வரும் இலக்கணப் பிழை, ‘என் கோடை விடுமுறை’யில் வராது. பி-யிலேயே நிற்கும் உங்கள் கிரேடுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் கட்டுரை சொந்த அனுபவம், கடைசிக் கட்டுரை ஆராய்ச்சி வாதம் என்றால், இரண்டிலும் அதே கிரேடு வாங்குவதற்கு நீங்கள் ஏறியே ஆக வேண்டும்.

இது நாட்டளவிலும் நடந்திருக்கிறது. முதலாண்டு மாணவர் கட்டுரைகளில் நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். 1986 கட்டுரைகளில் 2.26. 2006 கட்டுரைகளில் 2.45. ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் சராசரிக் கட்டுரை 422 சொல்லிலிருந்து 1,038 சொல்லாக நீண்டிருந்தது. சொந்தக் கதை எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஆதாரம் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு எழுதவே தெரியவில்லை’ என்று எல்லாத் தலைமுறையிலும் சொல்கிறார்களே, அவர்களிடம் காட்ட வேண்டிய எண்கள் இவை.

தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு விஷயமும் எழுதக் கிடைக்கும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று நமக்குக் கட்டுரை வரும். நடுவில் ஒரு குறள், ஒரு பாரதியார் வரி. மேற்கோளை மனப்பாடமாகச் சொல்வதே மதிப்பெண். அந்த வரிக்கும் உங்கள் வாதத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க வகுப்பில் மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனால் ஓரத்தில் ‘அதனால் என்ன?’ என்று எழுதியிருப்பார்கள். உங்களுக்கும் எழுதியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு முதல் முறை என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள் என்பது முழு ஒரு பக்கத்துக்கு வரும். ஒரு எச்சரிக்கை: ‘என் பழைய பழக்கம் தவறு, அமெரிக்க முறை சரி’ என்று எழுதாதீர்கள். அது உண்மையும் இல்லை, இந்தத் துறையில் விவரம் தெரிந்தவர்கள் அதை ரசிக்கவும் மாட்டார்கள். மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிவழக்கில் உரிமை உண்டு என்று கல்லூரி எழுத்தாசிரியர்களின் மாநாடு 1974-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. இரண்டு இடத்திலும் படிக்கிறவர் எதிர்பார்ப்பது வேறு. எந்த இடத்தில் எதை எடுத்து வைப்பது என்று நீங்கள் யோசித்தீர்களா என்பதே இங்கு கேள்வி.

எழுத உட்காரும்போது வெற்றுப் பக்கத்தில் தொடங்காதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, ஒவ்வொரு கட்டுரையின் முதல் டிராஃப்ட்டையும் கடைசி டிராஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீக்கிய பகுதிகள்தான் தங்கம். சேர்த்ததை விளக்குவது எளிது, எல்லோரும் விளக்குவார்கள். நன்றாக இருந்த ஒன்றை ஏன் எடுத்தீர்கள் என்பதற்குத்தான் யோசனை வேண்டும். அதேபோல் ஆசிரியரோ சக மாணவரோ சொல்லி நீங்கள் ஏற்காத ஒரு கமென்ட்டைத் தேடுங்கள். ‘இந்தப் பத்தியை மேலே கொண்டு போகச் சொன்னார்கள், நான் போகவில்லை, ஏனென்றால்…’ என்று எழுதத் துணிச்சல் வேண்டும். ஆனால் காரணம் உருப்படியாக இருந்தால் ஆசிரியர் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். சொன்னதையெல்லாம் செய்தேன் என்று வரும் இருபது கட்டுரைகளுக்கு நடுவே ஒருவர் மறுத்துக் காரணம் சொன்னால் நமக்கே தூக்கம் கலையும்.

மூன்று இடம் போதும். நான்கு கட்டுரையையும் வரிசையாக ‘முதல் கட்டுரையில் இது, இரண்டாவதில் இது’ என்று நடத்திக்கொண்டு போகாதீர்கள், அது பஸ் ரூட் ஆகிவிடும். ஒரு இடத்துக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்தால்கூடத் தவறில்லை. டிராஃப்ட்டிலிருந்து பழைய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப் போடுங்கள். அசடு வழியும் வாக்கியமாக இருந்தாலும் போடுங்கள்.

சாட்ஜிபிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டது போலவே வைத்துக்கொள்கிறேன். மற்ற கட்டுரைகளில் அது என்னவோ உதவட்டும், இதில் அதற்கு வேலை இல்லை. டிராஃப்ட்டுகளை ஊட்டினால் எந்த வரி மாறியது என்று சொல்லிவிடும், ஏன் மாறியது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காரணத்தையும் அதனிடமே கேட்டால் மேலே சொன்ன அந்த ‘தன்னம்பிக்கை வந்துவிட்டது’ கதையைத்தான் வழவழவென்று எழுதித் தரும். 2022 முடிவில் அது வந்த பிறகு பல ஆசிரியர்கள் இறுதிக் கட்டுரையைவிட டிராஃப்ட்டுகளையும் ரிஃப்ளெக்‌ஷனையும் கவனமாகப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான்.

கடைசியில் ‘இதை இனி எங்கே பயன்படுத்துவேன்’ என்று ஒரு பகுதி கேட்டிருப்பார்கள், பெரும்பாலும் கேட்பார்கள். கேத்லீன் யான்ஸி, லியேன் ராபர்ட்சன், காரா டாக்சாக் மூவரும் 2014-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, ஒரு வகுப்பில் கற்ற எழுத்து அடுத்த இடத்துக்குப் போகிறதா என்ற கேள்விக்கு இந்தத் துறையில் மவுசு அதிகம். ‘வாழ்நாள் முழுவதும்’ என்று எழுதாமல் உங்கள் துறைக்கு வாருங்கள். பக் ரிப்போர்ட் எழுதும்போது படிக்கிறவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முடிவு செய்யத்தானே வேண்டும்? புரோகிராமோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மி ஃபைலில் முதலில் எதைச் சொல்வது? அடுத்த செமஸ்டரில் எடுக்கப்போகும் ஒரு கோர்ஸின் பெயரைச் சொல்லி, அதில் எங்கே இது கைகொடுக்கும், எங்கே கொடுக்காது என்று எழுதுங்கள். கொடுக்காது என்பதையும் சேர்த்தால் படிக்கிறவர் நம்புவார்.

மோசமான கிரேடு வாங்கிய கட்டுரையைச் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் வெறுமனே சேர்க்காதீர்கள். அதில் இப்போது நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், அப்போது ஏன் தெரியவில்லை என்று குறைந்தது ஒரு பக்கமாவது ரிஃப்ளெக்‌ஷனில் அதற்கு இருக்க வேண்டும். உங்கள் ஆசிரியர் போர்ட்ஃபோலியோவில் ‘சிறந்தவை மட்டும்’ என்று எழுதியிருக்கிறாரா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதி, பழைய டிராஃப்ட்டைப் பின்னால் வைத்துக் கொடுங்கள். திருத்த நேரம் இல்லையென்றால் மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸில் போய் நேராகவே கேளுங்கள்.